அக்காவுக்கு நாலு ஓட்டு

என் அக்காவைக் கடலூர் மாவட்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நாங்கள் புதுச்சேரி. வேறு மாநிலம் என்றதும் தூரமாகத் தோன்றும். எங்கள் கொல்லையில் நின்று பார்த்தால் அவள் ஊர் ஐயனார் கோயில் அரசமரம் தெரியும். சைக்கிளில் பத்து நிமிடம். நடுவில் ஒரு சாராயக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், தமிழ்நாடு வரவேற்கிறது என்று ஒரு பலகை. எல்லை என்பது அவ்வளவுதான். இரண்டு ஊர்ப் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு இடத்திலும் நாங்கள் இன்னும் குடியிருக்க வேண்டும்.

2019 டிசம்பர் கடைசியில் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட்ட கையோடு அக்கா இங்கே வந்தாள். விரல் மையை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள்.

“நாலு சீட்டுடா. வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். மடிச்சு மடிச்சுப் பெட்டியில போட்டு முடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. உனக்கு என்னா, எம்.பி.க்கு ஒரு பொத்தான், எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பொத்தான். வேலை முடிஞ்சுது.”

அதிலிருந்து குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் இந்த நாலு ஓட்டுக் கதை வந்துவிடும். அவள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு வயது 43. உள்ளாட்சித் தேர்தலில் நான் ஓட்டுப் போட்டது என் வாழ்க்கையில் ஒரே தடவை, 2006ல். அன்றைக்கு எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் என் அப்பா. அவர் அதற்கு முன்பு போட்டது 1968ல். நடுவில் 38 வருடம் தேர்தலே கிடையாது. 68ல் எங்கள் கொம்யூனுக்கு, அதாவது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன உள்ளாட்சிப் பிரிவுக்கு, ‘மேர்’ இருந்தார் என்பார் அப்பா. பிரெஞ்சுக்காரன் போய் அத்தனை வருடம் ஆகியும் மேயரை மேர் என்றுதான் சொல்வார். 2006ல் ஜெயித்து வந்தவர்களின் காலம் 2011ல் முடிந்தது. அதற்கப்புறம் இதை எழுதும் நாள் வரை தேர்தல் இல்லை. அப்பா 2015ல் போய்விட்டார். எழுபது வயது வாழ்ந்த மனிதர், சொந்தத் தெருவுக்கு யார் பொறுப்பு என்று தேர்ந்தெடுக்கக் கிடைத்தது இரண்டே நாள்.

எங்கள் தெருவில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாலு வீடு தள்ளி ஒரு சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. அந்த வீட்டுப் பெரியவர் 2012, 2017, 2022 என்று மூன்று பிரெஞ்சு அதிபர் தேர்தலிலும் டவுனுக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். அஞ்சு வருடத்துக்கு ஒருமுறை, நாள் தவறாமல். ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யார் ஆள வேண்டும் என்பதில் எங்கள் தெருவுக்கு ஒரு சொல் உண்டு. தெருவில் ஓடுகிற வாய்க்காலைப் பற்றித்தான் இல்லை.

வாய்க்கால் என்று சொல்லிவிட்டேன். கதையே அதுதான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு. விடியற்காலை கண்ணைத் திறந்தபோது கட்டிலுக்குக் கீழே என் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. மழை அப்படிப் பெய்தால் எந்த வாய்க்காலும் தாங்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழை விட்டு நாலு நாள் ஆகியும் தண்ணீர் வடியவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் யு வடிவ சிமென்ட் வாய்க்கால் ஒன்று போட ஆரம்பித்து, பம்ப் ஹவுஸ் சுவரோடு நின்றுபோயிருந்தது. அங்கிருந்து ஓடை வரைக்கும் வெறும் மண். சிமென்ட் முடிகிற இடத்தில் இரண்டு கம்பிகள் துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் யாரோ ஒருத்தர் ஆடு கட்டுவார். தண்ணீர் அதுவரை ஒழுங்காக வந்து, அங்கே முட்டி, திரும்பி எங்கள் வீட்டுக்குள் வரும்.

தண்ணீர் வடிந்த பிறகு டீக்கடையில் ஏழு பேர் கூடினோம். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர், மின்துறையில் லைன்மேனாக இருந்தவர், டீக்கடை அண்ணன், சுய உதவிக் குழுவிலிருந்து இரண்டு பெண்கள், கம்பெனி வேன் ஓட்டுகிற ஒரு தம்பி, நான். சங்கம் என்றெல்லாம் பதிவு செய்யவில்லை, பெயரும் வைக்கவில்லை. ஊர்க்காரர்களே வைத்துவிட்டார்கள்: வாய்க்கா கோஷ்டி.

முதலில் மனு. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு “ஃபண்ட் வந்தா பண்ணிடுவோம்” என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் “இது எங்க வேலை இல்லியே, கொம்யூன்தான் போட்டுச்சு” என்றார்கள். எம்.எல்.ஏ. ஆபீசில் நல்ல மரியாதை. காபி கொடுத்தார்கள். “எஸ்டிமேட் போட்டாச்சு, கூடிய சீக்கிரம் பூமி பூஜை” என்றார்கள். புதுச்சேரிப் பேப்பரைத் தினமும் படிப்பவர்களுக்கு அந்தப் படம் பழக்கம். எட்டு லட்சத்தில் வாய்க்கால், பத்து லட்சத்தில் தார்ச்சாலை, எம்.எல்.ஏ. கையில் மண்வெட்டி, பக்கத்தில் செங்கல்லுக்கு மஞ்சள் பூசி வைத்திருக்கும், சுற்றி இருபது பேர். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. சட்டம் போட வேண்டிய மனிதர் சாக்கடை மூடியை எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ண வேண்டிய ஆள் பதவியிலேயே இல்லை.

லைன்மேன் அண்ணன்தான் தகவல் உரிமையில் கேட்கலாம் என்றார். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கி ஒட்டி அனுப்பினோம். வேலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, எவ்வளவு நீளம், வேலையின் அளவைக் குறித்துவைக்கிற எம்-புக்கில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று மூன்றே கேள்வி. சட்டப்படி 30 நாள். முப்பதாவது நாள் ஒரு கடிதம் வந்தது: தங்கள் மனு தொடர்புடைய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. தொடர்புடைய அலுவலகம் பதிலே போடவில்லை. மேல்முறையீடு செய்தோம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டாவது முறையீட்டை டெல்லிக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது. எங்களுக்கு மத்தியத் தகவல் ஆணையம். எங்கள் தெரு வாய்க்காலின் நீளத்தை டெல்லியில்தான் கேட்க வேண்டும் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது.

டெல்லிக்குப் போகும் நிலை வரவில்லை. மேல்முறையீட்டுக்கு அப்புறம் எஸ்டிமேட் நகல் கிடைத்தது. காகிதத்தில் 140 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை தையல் கடையிலிருந்து டேப் வாங்கி அளக்க ஆரம்பித்தோம். ஒன்றரை மீட்டர் டேப்பை வைத்துக்கொண்டு எத்தனை தடவை குனிவது? டீக்கடை அண்ணன் மேஸ்திரி வீட்டிலிருந்து 30 மீட்டர் டேப் கொண்டுவந்தார். ஒரு முனையை வாத்தியார் பிடித்தார், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரொம்ப கவனமாக. 92 மீட்டர். இரண்டாவது தடவையும் 92. “மீதி 48 மீட்டரை ஆடு தின்னுடுச்சு” என்றார் டீக்கடை அண்ணன். கேட்டால் அது ‘இரண்டாம் கட்டம்’ என்றார்கள். உண்மையாகவே இரண்டாம் கட்டமாக இருக்கலாம். சத்தியம் செய்து யாரையும் குற்றம் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கேட்ட கேள்விக்கு நேரில் நின்று பதில் சொல்லியே தீர வேண்டிய ஒரு ஆள் இல்லை என்பது மட்டும் அன்றைக்கு எல்லோருக்கும் உறைத்தது. வார்டு மெம்பர் ஒருத்தர் இருந்திருந்தால் டீக்கடையில் மாட்டியிருப்பார். அவருக்கும் அதே கடையில்தானே டீ.

அன்று மாலைதான் வாத்தியார் கீழூர் பற்றி எடுத்தார்.

கீழூர் வில்லியனூர்ப் பக்கம் இருக்கிற சின்ன கிராமம். பிரெஞ்சு இந்தியா இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று 1954 அக்டோபர் 18ல் அங்கேதான் ஓட்டெடுப்பு நடந்தது. 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. பள்ளிக்கூடத்தில் இதுவரைக்கும் நாங்களும் படித்திருக்கிறோம். வாத்தியார் கேட்ட கேள்வி வேறு.

“அந்த 178 பேர் யாருப்பா?”

யாருக்கும் தெரியவில்லை. தலைவர்கள், தியாகிகள் என்று இழுத்தோம்.

“மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். சட்டமன்றம் மாதிரி இருந்த சபையோட உறுப்பினர்கள் கொஞ்சம் பேர், மீதி புதுச்சேரி காரைக்கால் முனிசிபல் கவுன்சிலர்கள். கவுன்சிலர்னா யாரு? நம்ம வார்டு மெம்பர்தான். இந்த ஊரு இந்தியாவில இருக்கறதே வார்டு மெம்பர் போட்ட ஓட்டால. இப்போ அந்த மெம்பரையே காணோம்.”

எனக்கு அப்போது உடம்பு சிலிர்த்தது உண்மை. 1880லேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கொம்யூன்களுக்கு முனிசிபல் சபைகளை ஏற்படுத்தினார்கள் என்றும் சொன்னார். அந்தக் காலத்துத் தேர்தல் ஒன்றும் உத்தமமானது இல்லை. வெள்ளைக்காரருக்குத் தனிப் பட்டியல், உள்ளூர்க்காரருக்குத் தனிப் பட்டியல், அடிதடி, பெட்டி தூக்குவது எல்லாம் உண்டு, பெண்களுக்கு ஓட்டு கிடையாது. பழசைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. உள்ளாட்சி என்றதும் மேடையில் எல்லோரும் குடவோலைக்குப் போய்விடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, கீழூர் வரைக்கும் பஸ்ஸில் போனால் போதும் என்றார் வாத்தியார். ஒரு ஞாயிறு போனோம். நினைவிடம் அமைதியாக இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 16 அன்று அங்கே கொடியேற்றுவார்கள். நாங்கள் போன அன்று எங்களைத் தவிர ஒரு பெண்ணும் நாலைந்து ஆடுகளும்தான். வேன் ஓட்டுகிற தம்பி செல்ஃபி எடுத்தான். அதில் ஆடும் விழுந்திருக்கிறது.

தேர்தல் ஏன் நடக்கவில்லை என்று விசாரித்தால் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள். 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, 98 கிராமப் பஞ்சாயத்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள். உள்ளாட்சிக்கு ஐந்தாண்டு, அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் என்பது அரசமைப்பின் 73, 74ஆவது திருத்தங்கள் 1993ல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இருக்கிற விதி. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2021 செப்டம்பரில் தேதி அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டில் குழப்பம் என்று வழக்கு வந்தது, அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அக்டோபரில் மறுபடி தேதி. பிற்படுத்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு போய்விட்டது என்று மறுபடி வழக்கு. மறுபடி நின்றது. பிற்படுத்தப்பட்டோர் கணக்கை எடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். ஒதுக்கீடு நியாயமான கோரிக்கை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒதுக்கீடு கேட்ட மக்களுக்கும் கடைசியில் ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

இது என் சொந்த அபிப்பிராயம்: எந்தக் கட்சிக்கும் இதில் பெரிய அவசரம் இல்லை. புதுச்சேரியில் தேர்ந்தெடுக்கப்படும் எம்.எல்.ஏ.க்கள் 30 பேர். ஒரு தொகுதிக்கு முப்பதாயிரம் சொச்சம் வாக்காளர்கள். தமிழ்நாட்டுத் தொகுதியோடு பார்த்தால் அது ஒரு மூலைக்குக் காணாது. எம்.எல்.ஏ.வே கவுன்சிலர், எம்.எல்.ஏ.வே தலைவர், குழாய் உடைந்தாலும் அவர்தான், காதுகுத்துக்கும் அவர்தான். இந்த நிலையில் கீழே இன்னும் பத்துப் பேர் முளைத்து, நாளைக்கு அவர்களில் ஒருவர் எதிரே நிற்பதை யார் விரும்புவார்கள்? போதாக்குறைக்கு நியமனம் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். சட்டசபையில் மூன்று பேரை மத்திய அரசு நியமிக்கும். மாநில அரசைக் கேட்காமலே நியமிக்கலாம், அவர்களுக்கு பட்ஜெட்டிலும் நம்பிக்கைத் தீர்மானத்திலும் ஓட்டு உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலே நியமனம், கீழே அதிகாரி. நடுவில் எங்கள் இரண்டு பொத்தான்.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காலத்து நகர சபை மண்டபம். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே போலவே திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அழகாகத்தான் கட்டியிருக்கிறார்கள், சாயங்கால வெளிச்சத்தில் வெள்ளையாக ஜொலிக்கும். டவுனில் மனு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அதன் எதிரில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். சுய உதவிக் குழு அக்கா ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “கல்யாண மண்டபம் கட்டியாச்சு, பொண்ணு மாப்பிள்ளைதான் பாக்கலை” என்றார்.

சரி, பணத்துக்கு வருகிறேன். ஓட்டைப் பற்றிப் பேசினால் ஊரில் கொட்டாவி விடுவார்கள். பணம் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

அக்கா ஊர்ப் பஞ்சாயத்துக்கு மத்திய நிதிக்குழு மானியம் வந்தது. 2021 முதல் 2026 மார்ச் வரைக்குமான 15ஆவது நிதிக்குழுவின் கணக்குப்படி அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவு செய்ய வேண்டியிருந்தது. மீதி 40ஐ ஊர் தன் தேவைக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் தேர்தல் நடத்தி அமைந்த உள்ளாட்சி இருந்தால்தான் பணம். 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரை தமிழ்நாட்டில் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களை வைத்து ஓட்டினார்களே, அப்போது அந்த மானியம் தேங்கிப்போனது. ஓட்டு இல்லையேல் துட்டு இல்லை. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் அந்தத் துட்டே வேறு கணக்கு. நிதிக்குழுவைப் பற்றிப் பேசும் அரசமைப்பின் 280ஆவது பிரிவு மாநிலங்களைத்தான் சொல்கிறது. நாங்கள் யூனியன் பிரதேசம், அந்தப் பங்கீட்டில் இல்லை. சேர்க்கச் சொல்லிப் புதுச்சேரி அரசுகள் கட்சி வித்தியாசமில்லாமல் கேட்டு வருகின்றன. அதுவரை வீட்டு வரி, சந்தையில் அடிக்காசு, ஏலம், அப்புறம் அரசு கொடுக்கிற மானியம். அடிக்காசு ஏலம் எவ்வளவுக்குப் போனது, அந்தப் பணத்தில் சந்தைக் கழிப்பறைக்கு ஒரு கதவு போட முடியுமா என்று கேட்க எங்களுக்கு இடம் இல்லை. கருவாடு விற்கிற ஆயாவிடம் தினமும் சீட்டுக் கிழித்து வாங்குகிறார்கள். அந்தச் சீட்டையெல்லாம் அவர் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறார். ஏன் ஆயா என்றால், “எப்பனா யாரனா கேப்பாங்கல்ல” என்கிறார்.

அக்கா ஊரில் கேட்க இடம் இருந்தது. 2023 மே முதல் தேதி அவள் வீட்டில் இருந்தேன். கிராம சபை என்று இழுத்துக்கொண்டு போனாள். தமிழ்நாட்டில் குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கிராம சபை. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஷாமியானா. தலைவர் ஒரு பெண். அங்கே பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம். மேசைக்குப் பக்கத்தில் தலைவரின் கணவர் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை வரவழைத்துத்தான் ஆள் கணக்கைச் சேர்த்திருந்தார்கள். ஊரில் மூவாயிரம் பேருக்குள் என்றால் நூறு பேராவது வந்திருக்க வேண்டும்.

நோட்டு ஒன்று கை மாறிக்கொண்டே வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். அக்கா வாங்கிப் புரட்டினாள். பக்கங்கள் காலி.

“தீர்மானம் எங்கே?”

“அப்புறம் எழுதிக்குவோம்மா, நீ போடு.”

“அப்புறம் எழுதினா அப்புறம் போடறேன்.”

நோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. பெண்ணைக் கொடுத்த ஊர், வம்பு எதற்கு என்று அவள் முந்தானையை இழுத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னும் நாலு பெண்கள் “ஆமா, எழுதுங்க” என்றார்கள். செயலர் முனகிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். வரவு செலவு வாசித்தார்கள். பிளீச்சிங் பவுடர் என்று ஒரு தொகை வந்ததும் பின்னால் இருந்து ஒரு கிழவர், “அந்தப் பவுடரை எந்தத் தெருவுல போட்டீங்க, நானும் வந்து மோந்து பாக்கறேன்” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து நின்று, எந்தத் தெருவுக்கு எத்தனை மூட்டை என்று சொன்னார். சரியா தவறா எனக்குத் தெரியாது. எழுந்து நின்று சொன்னார். நான் புதுச்சேரிக்காரன், எனக்கு அது அதிசயம்.

2025 நவம்பரில் எங்கள் கோஷ்டிக்கு வேறு வேலை வந்தது. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில். வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். பழைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று கேட்டது அது. எல்லை ஊரில் இது லேசான காரியமா? பாதி மருமகள்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இருபது வருடத்துக்கு முந்தைய அவர்கள் பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலில், அப்பா வீட்டு முகவரியில் கிடக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணிக்காக நானும் வேன் தம்பியும் டீக்கடை பெஞ்சில் இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம். போனில் பழைய பட்டியல், ஸ்கேன் செய்த பக்கங்கள், எழுத்து எறும்பு ஊர்ந்தது போல. அண்ணியின் அப்பா பெயரை வைத்துத் தேடினோம், இல்லை. வீட்டு எண்ணை வைத்துத் தேடினோம், அந்தத் தெருவே மாறியிருந்தது. கடைசியில் அக்காவுக்குப் போன் செய்து, அந்த ஊர்ப் பெரியவர்கள் யாரெல்லாம் அந்த வீட்டுக்கு அக்கம்பக்கம் என்று கேட்டு, அவர்கள் பெயர்களுக்கு நடுவில் துழாவினோம். கிடைத்தது. அண்ணியின் பெயர் சரியாக இருந்தது. அப்பாவின் தலைப்பெழுத்து தப்பு. பாலினத்தில் ‘ஆ’ என்று அச்சாகியிருந்தது. “இத்தனை வருசமா ஆம்பளையாவா இருந்திருக்கேன்” என்று அண்ணி சிரித்த சிரிப்பில் அண்ணன் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

எங்கள் கோஷ்டியிலும் ஒரு குட்டு வெளிப்பட்டது. ஏழு பேரில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் பெயர் இருந்தது. எல்லையோரத்தில் இது ஊரறிந்த ரகசியம். ஆனால் உரிமை, உரிமை என்று மனு எழுதிக்கொண்டிருந்த எங்களுக்குள்ளேயே என்றதும் வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாள் கடைக்கே வரவில்லை. ஒரு படிவத்தில்தான் கையெழுத்துப் போட முடியும். எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது என்று அந்த மனிதர் மூன்று நாள் யோசித்தார். “அந்தப் பக்கம் நாலு ஓட்டு, இந்தப் பக்கம் ரெண்டு. ஆனா புயலுக்கு அஞ்சாயிரம் குடுத்தது இந்தப் பக்கம்” என்று சத்தமாகவே கணக்குப் போட்டார். கடைசியில் புதுச்சேரியை வைத்துக்கொண்டார். வாத்தியாரும் மூன்றாம் நாள் கடைக்கு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி டீயை ஆற்றினார்.

டிசம்பரில் வரைவுப் பட்டியல் வந்ததும் தெரு வாரியாகப் பார்த்தோம். செத்துப்போனவர்கள் பெயர் போயிருந்தது, சரிதான். சென்னையில் வேலைக்குப் போன இரண்டு பையன்கள், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அதிகாரி வந்துபோன ஒரு ஆயா என்று மூன்று பெயர் விட்டுப்போயிருந்தது. பெயர் சேர்க்கிற படிவம் 6 எழுதிக் கொடுத்தோம். உள்ளாட்சித் தேர்தலுக்கும் அடிப்படை இந்தப் பட்டியல்தான். அந்தத் தேர்தல் நடக்கிற அன்றைக்குப் பெயர் இல்லை என்று யாரும் திரும்பி வரக்கூடாது என்றார் வாத்தியார். அவருக்கு 74 வயது.

அக்கா ஊர்த் தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. கடலூர் மாவட்டத்து ஊராட்சிகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அடுத்த தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் பார்த்துக்கொள்கிறார். ஒரு வருடம் ஆகிவிட்டது. போன வாரம் அக்கா போன் செய்தாள். குசலம் விசாரிக்கவில்லை, நாலு ஓட்டுக் கதையும் இல்லை.

“தெரு லைட் எரியாம இருபது நாளாச்சுடா. முன்னெல்லாம் தலைவரு வீட்டு வாசல்ல போயி நின்னு கத்துவேன். இப்போ யாருகிட்ட சொல்றதுன்னே தெரியலை. ஆபீசுக்குப் போனா மீட்டிங்கு போயிருக்காருங்கிறான்.”

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அவள் திட்டி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன்: “வெள்ளைப் பேப்பர்ல மனு எழுதுக்கா. ரெண்டு நகல் எடு. ஒண்ணுல சீல் போட்டு தேதி வாங்காம அந்த இடத்தை விட்டு நகராதே. தகவல் உரிமையில கேக்கறதா இருந்தா உங்க பக்கம் பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினா போதும், போஸ்டல் ஆர்டர் வேணாம்.”

“இரு, பேனா எடுத்துட்டு வரேன்” என்றாள்.